சீல் வரலன்னா சுத்தியலைத் தேடாதீங்க

இதைப் படிக்கறதை நிறுத்திட்டு, பார்க்கிங்ல நிக்கற உங்க பைக்கிட்ட போய் ஒரு நிமிஷம் குனிஞ்சு பாருங்க. முன் சக்கரத்துக்கு ரெண்டு பக்கமும் பளபளன்னு ஒரு க்ரோம் குழாய் மேலிருந்து இறங்கி, அதைவிடப் பருமனான ஒரு அலுமினியக் குழாய்க்குள்ள போகும். ரெண்டும் சேர்ற இடத்துல விரலை வெச்சுத் தேய்ங்க. காய்ஞ்ச தூசி வந்தா நிம்மதியா திரும்பி வந்து மீதியைப் படிங்க. கறுப்பா, பிசுபிசுன்னு, எண்ணெயும் மண்ணும் குழைஞ்சு வந்தா உங்க ஃபோர்க் ஆயில் சீல் போயிடுச்சு. இந்தக் கட்டுரை உங்களுக்காகத்தான்.

"ஓடுதுல்ல, விடு மச்சி" என்பதுதான் இதுக்கு நம்ம வட்டாரத்துல கிடைக்கிற முதல் சிகிச்சை. வண்டி ஓடும். அதை நான் மறுக்கலை. ஆனா அந்தக் குழாய்க்குள்ள இருக்கிற எண்ணெய் உயவுக்கு மட்டும் இல்லை. குழியில சக்கரம் விழுந்து ஸ்பிரிங் அமுங்கி எழும்போது, அந்த எண்ணெய் சின்னச் சின்னத் துளைகள் வழியாத் திணறித் திணறிப் போகணும். அந்தத் திணறல்தான் டேம்பிங். எண்ணெய் குறைஞ்சா ஸ்பிரிங் மட்டும் மிஞ்சும். பிரேக் பிடிச்சா மூக்கு குப்புறக் கவிழற மாதிரி இறங்கும், வேகத்தடை தாண்டினா சக்கரம் ரெண்டு தடவை கூடுதலாக் குதிக்கும். இதையும் சகிச்சுக்கலாம்னு வெச்சுக்குங்க. டிஸ்க் பிரேக் வண்டியில கேலிப்பர் மாட்டியிருக்கறது இதே அலுமினியக் குழாயோட கீழ்ப்பகுதியில. மேலே கசியற எண்ணெய் குழாய் வழியா வழிஞ்சு டிஸ்க்குக்கும் பேடுக்கும் போய்ச் சேர்றதுக்கு ரொம்ப நாள் ஆகாது. பேடு எண்ணெயை ஒருமுறை உறிஞ்சிட்டா அப்புறம் துடைச்சுப் பயன் இல்லை. அன்னிக்குப் பஸ்ஸுக்குப் பின்னாடி போயிட்டிருந்தீங்கன்னா என்ன ஆகும்னு நான் சொல்ல வேண்டாம்.

ஆனா நான் எழுத வந்தது கசிவைப் பத்தி இல்லை. கசியுதுன்னு தெரிஞ்சு, கொண்டுபோய்க் கொடுத்து, சீல் மாத்தும்போது நடக்கிற அட்டூழியத்தைப் பத்தி. ரெண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஆயில் சீல் சில நூறு ரூபாய்தான். அது உட்கார்ந்திருக்கிற அவுட்டர், மெக்கானிக் பாஷையில பாட்டம், அதைப் போலப் பல மடங்கு விலை. குப்பைக்குப் போக வேண்டிய சீலை வெளியே எடுக்கறதுக்காக, வண்டியோட ஆயுசுக்கும் இருக்க வேண்டிய அவுட்டரோட வாயை ஸ்க்ரூடிரைவரால நெம்பிப் பல்லு பல்லா ஆக்கி வெச்சுடறோம். அதுக்கு மேல டஸ்ட் சீல் ரப்பர் வந்து மூடிடறதால யாருக்கும் தெரியறதில்லை. ரெண்டு மாசத்துல மறுபடி கசியும். "டூப்ளிகேட் சீல் போட்டுட்டான்" என்று கடைக்காரரைத் திட்டுவோம். பல நேரம் சீல் மேல தப்பே இருக்காது. அது உட்கார்ற சுவத்துல ஸ்க்ரூடிரைவர் கிழிச்ச கோடு வழியா எண்ணெய் வெளியே வந்துட்டிருக்கும்.

அந்தச் சீல் எப்படி இருக்கும்னு பார்த்திருக்கீங்களா? ஒரு இரும்பு வளையம், அதைச் சுத்தி வார்த்த ரப்பர். உள்பக்கம் மெல்லிய உதடு மாதிரி ஒரு விளிம்பு; க்ரோம் குழாயைத் தொட்டுக்கிட்டே இருக்கறது அதுதான். உதட்டுக்குப் பின்னால ஒரு குட்டி வளையச் ஸ்பிரிங், உதட்டைக் குழாய்மேல அணைச்சுப் பிடிக்க. வெளிப்பக்கம் அவுட்டருக்குள்ள இறுக்கமாத் தட்டி இறக்கப்பட்டிருக்கும். அதுக்கு மேல ஒரு கம்பி லாக், அதாவது சர்க்ளிப். அதுக்கும் மேல டஸ்ட் சீல். மெஷின் டிசைன் பேப்பர்ல 'இன்டர்ஃபியரன்ஸ் ஃபிட்' என்று ரெண்டு மார்க்குக்கு எழுதறோமே, அதோட உயிருள்ள உதாரணம் இது.

புதுசா இருக்கும்போது இது பெரிய அடம் பிடிக்காது. ஏழெட்டு மழைக்காலம் போன பிறகுதான் சிக்கல். டஸ்ட் சீல் வெடிச்சு உள்ளே தண்ணி இறங்கும். அங்கே இரும்பும் அலுமினியமும் ஒட்டி உட்கார்ந்திருக்கு. நடுவுல உப்புத் தண்ணி சேர்ந்தா அது ஒரு குட்டி பேட்டரி. இந்த ஜோடியில அரிபடறது அலுமினியம். அரிச்சு வர்ற வெள்ளைப் பொடி, அரிபட்ட உலோகத்தைவிட அதிக இடத்தை அடைச்சுக்கும். அப்போ ஏற்கனவே இறுக்கமா இருந்த வளையத்தைச் சுத்தி யாரோ சிமென்ட் பூசின மாதிரி ஆகுது. சென்னையிலயும் தூத்துக்குடியிலயும் கடல் ஓரமா நிக்கற வண்டிகளுக்கு இது சீக்கிரமே வரும். வாட்டர் சர்வீஸ்ல பிரஷர் துப்பாக்கியை நேரா அந்த இடத்துல பிடிச்சு அடிக்கறவங்களுக்கும் வரும்.

இதுல மறக்கக்கூடாத விஷயம் ஒண்ணு: "சீல் வரமாட்டேங்குது" என்று சொல்லப்படுறதுல ஒரு பங்கு, சீல் சிக்கினதே இல்லை. சர்க்ளிப்பைக் கழட்டலை, அவ்வளவுதான். மண்ணும் துருவும் மூடி அந்தக் கம்பி சுவரோட சுவரா மறைஞ்சிருக்கும். பனியன் வேஸ்ட்ல மண்ணெண்ணெயைத் தொட்டுத் துடைச்சு, டார்ச் அடிச்சுப் பார்த்தாத்தான் தெரியும். அதை எடுக்காம சீலை அடிச்சா, கம்பி உட்கார்ந்திருக்கிற அலுமினியப் பள்ளத்தோட விளிம்பு பேர்ந்துடும். அப்புறம் சீலைப் பிடிச்சுவெக்க ஆள் கிடையாது. துருவேறின சர்க்ளிப்புக்குத் துரு நீக்கும் ஸ்ப்ரே அடிச்சு ஒரு ராத்திரி விட்டுடுங்க. காலையில அதோட ஒரு முனையைக் கூரான கொக்கியால உள்பக்கமாத் தள்ளுங்க, வரும். அவசரம் இருக்கறவங்க இந்த வேலையை ஆரம்பிக்கவே வேண்டாம்.

அடுத்து, உங்க ஃபோர்க் எந்த ஜாதின்னு தெரியணும். வண்டியில இருந்து ஃபோர்க்கை இறக்கியாச்சு (இறக்கறதுக்கு முன்னாடியே மேல் போல்ட்டை லேசாத் தளர்த்திக்கணும், வெளியே எடுத்த பிறகு பிடிமானம் கிடைக்காது, முழுசாக் கழட்டும்போது முகத்தை நேரா மேலே வெக்காதீங்க, ஸ்பிரிங் தள்ளும்). எண்ணெயைக் கவிழ்த்தாச்சு. அடியில இருக்கிற ஆலன் போல்ட்டையும் எடுத்தாச்சு. இப்போ உள் குழாயை இழுங்க. வழுக்கிக்கிட்டு முழுசா வெளியே வந்துட்டா, சீல் அவுட்டருக்குள்ளயே தங்கிடும். அதைத் தனியாத்தான் எடுக்கணும். 'டொக்'குன்னு ஒரு இடத்துல நின்னா, அது உள்ளே புஷ் இருக்கிற வகை. அதுல உள் குழாயையே சுத்தியலாப் பயன்படுத்தணும். உள்ளே தள்ளி, சட்டுன்னு வெளியே இழுத்து, மறுபடி உள்ளே தள்ளி, இழுத்து. ஒவ்வொரு இழுப்புக்கும் உள் புஷ் போய் வெளிப் புஷ்ஷை முட்டும், அது சீலை முட்டும், சீல் நாலு பக்கமும் சமமா மேலே ஏறும். இந்த வகைக்காரங்க அதிர்ஷ்டசாலிங்க. வடிவமைச்ச ஆள் சீலைப் போடறதைப் பத்தி மட்டுமில்ல, எடுக்கறதைப் பத்தியும் யோசிச்சிருக்கார்.

அதிர்ஷ்டம் இல்லாத மத்தவங்களுக்குத்தான் ஸ்க்ரூடிரைவர் ஞாபகம் வரும். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்க. 300 மி.மீ. நீள ஸ்க்ரூடிரைவர். முனையை சீலுக்கு அடியில கொடுத்து, அவுட்டரோட வாய் விளிம்புல சாய்ச்சு நெம்பறீங்க. முனைக்கும் சாய்மானத்துக்கும் இடையில 10 மி.மீ. உங்க கை 20 கிலோ அளவுக்கு அழுத்துதுன்னா, முனையில 580 கிலோ. நல்லாயிருக்கே என்று தோணும். ஆனா சாய்மானம் தாங்கறது 600 கிலோ. அது விழற இடம், ஸ்க்ரூடிரைவர் தண்டு தொடற ஒரே ஒரு மெல்லிய கோடு. வார்த்த அலுமினியத்தோட ரொம்ப மெலிஞ்ச விளிம்பு. அது நசுங்காம என்ன பண்ணும்?

இதைவிட மோசம், சீலும் வராது. ஒரு பக்கம் மட்டும் தூக்கினா வளையம் சாயும். சாய்ஞ்ச வளையம் குழாய்க்குள்ள குறுக்கா மாட்டிக்கும். பாட்டி வீட்டுப் பழைய மர மேஜையில டிராயரை ஒரு பக்கம் மட்டும் பிடிச்சு இழுத்திருப்பீங்களே, அதே கதைதான். இழுக்க இழுக்க இறுகும். அப்போதான் "கூட ஒரு அடி போடுடா" என்று சுத்தியல் வருது.

நான் சொல்றது என்னன்னா, சிக்கின சீல் என்பது பலம் போதாத பிரச்சினை இல்லை. எது பிடிச்சிருக்குன்னு பார்க்காத பிரச்சினை. பிடிச்சிருக்கறது உராய்வு. உராய்வைக் குறைக்கணும்னா அழுத்தத்தைக் குறைக்கணும். அழுத்தத்தைக் குறைக்கணும்னா வெளிக் குழாயைக் கொஞ்சம் பெருசாக்கணும். அதுக்கு நம்மகிட்ட இருக்கிற மலிவான கருவி வெந்நீர்.

அலுமினியம் ஒரு டிகிரிக்கு மீட்டருக்கு ஏறத்தாழ 23 மைக்ரான் விரியும். இரும்பு ஏறத்தாழ 12. சீலோட வெளி விட்டம் 43 மி.மீ. என்று வெச்சுக்குவோம். 30 டிகிரியில இருந்து 100 டிகிரிக்குக் கொண்டுபோனா, ரெண்டும் ஒரே மாதிரி சூடானாலும் அவுட்டர் சீலைவிட 33 மைக்ரான் கூடுதலா விரியும். அவுட்டரை மட்டும் சட்டுன்னு சூடாக்கி, உள்ளே வளையம் சூடாகறதுக்குள்ள வேலையைப் பார்த்தா இடைவெளி 70 மைக்ரானை நெருங்கும். இது பெருசா சின்னதா? நம்ம பி.எஸ்.ஜி. டிசைன் டேட்டா புக்கைத் திறந்து எச்7–பி6 ஃபிட்டைப் பாருங்க. 43 மி.மீ.க்கு இறுக்கம் குறைஞ்சது 1 மைக்ரான், அதிகபட்சம் 42 மைக்ரான். சீல் அந்த ஃபிட்ல போடறது கிடையாது, அளவு புரியறதுக்குச் சொல்றேன். வெளிப்பக்கம் வெறும் இரும்பா இருக்கிற சீலுக்கு இந்தக் கணக்கு நேராவே பொருந்தும். வெளியிலயும் ரப்பர் பூசின சீலா இருந்தா விரிவுக் கணக்கு அவ்வளவு உதவாது, ஏன்னா ரப்பர் அலுமினியத்தைவிட அதிகமா விரியும். ஆனா சூட்டுல ரப்பர் இளகும், சுவத்தோட ஒட்டிக்கிட்டிருந்த பிடி விடும். எந்தப் பக்கம் போனாலும் நமக்கு லாபம்.

எப்படின்னா, அவுட்டரைத் தலைகீழாப் பிடிச்சு, வாய்ப் பக்கம் நாலு விரக்கடை முங்கற மாதிரி கொதிக்கிற தண்ணியில ரெண்டு மூணு நிமிஷம் வெக்கணும். (ஹாஸ்டல்ல கெட்டில் வெக்கக்கூடாதுன்னு எனக்கும் தெரியும். மெஸ் அண்ணன்கிட்ட நல்லபடியாக் கேட்டா ஒரு வாளி தருவார்.) உள்ளே இருக்கிற எண்ணெயை முன்னாடியே சுத்தமாத் துடைச்சிருக்கணும். கையுறை கட்டாயம். ஹீட் கன் இருந்தா இன்னும் சுலபம். ஒரே இடத்துல காட்டாம சுத்திக்கிட்டே இருக்கணும். ஹீட் கன்னைவிட எனக்கு வெந்நீர் மேல மரியாதை ஜாஸ்தி. எவ்வளவு ஆர்வக்கோளாறு இருந்தாலும் 100 டிகிரிக்கு மேல போக அது உங்களை விடாது.

கேஸ் டார்ச்சையும் வெல்டிங் டார்ச்சையும் கொண்டு வர்றவரைப் பார்த்தா வண்டியை எடுத்துக்கிட்டு ஓடிடுங்க. எண்ணெய் ஈரம் இருக்கிற குழாய்ல தீ வெச்சா பத்திக்கும், பெயின்ட் கருகும், இதெல்லாம் கண்ணுக்குத் தெரியறது. தெரியாதது என்னன்னா, பலம் வர்றதுக்காகச் சூட்டுப் பக்குவம் செஞ்ச அலுமினிய வார்ப்புகளை அளவுக்கு மீறிச் சுட்டா அந்தப் பக்குவம் கலைஞ்சுடும். மெட்டலர்ஜி பேப்பர்ல 'ஏஜிங்' என்று படிச்சதுதான். அவுட்டர் பார்க்க அப்படியே இருக்கும், பழைய உறுதி இருக்காது. உங்க முன் சக்கரத்தோட அச்சு மாட்டியிருக்கறது அதுலதான்.

சூடாக்கின பிறகு நெம்பறது குத்தம் இல்லை. ஸ்க்ரூடிரைவருக்குப் பதிலா, முனை மழுங்கின டயர் லீவர். அவுட்டர் விளிம்புக்கும் லீவருக்கும் நடுவுல ஒரு மரக்கட்டைத் துண்டு. அது 600 கிலோவை ஒரு கோட்டுல இருந்து அகலமான பரப்புக்கு மாத்திடும். ஒரு இடத்துல ஒரு மில்லிமீட்டர் தூக்கினா, நேர் எதிர்ப்பக்கம் போய் ஒரு மில்லிமீட்டர். அப்புறம் குறுக்கே. ஆறினா மறுபடி வெந்நீர். லீவர் முனை சீலோட அடியைத் தொடலாம், உதட்டைக் கிழிக்கலாம், அந்தச் சீலுக்கு இனிமே வேலை இல்லை. சுவரை மட்டும் தொடக்கூடாது.

இதுக்கும் அசையலைன்னா ஒரு அழகான வழி இருக்கு. பாஸ்கல் விதி. ஸ்பிரிங்கை மட்டும் வெளியே வெச்சுட்டு ஃபோர்க்கை மறுபடி கோர்த்து, அடி ஆலன் போல்ட்டை வாஷரோட இறுக்கி, சர்க்ளிப் இல்லாம, உள் குழாயை முழுசா இழுத்த நிலையில விளிம்பு வரைக்கும் பழைய எண்ணெயை ஊத்தி, காத்துக் குமிழி போகிற வரைக்கும் மெதுவா மேலும் கீழும் ஆட்டி, மறுபடி நிரப்பி மேல் போல்ட்டை மூடணும். இப்போ உள் குழாயை அமுக்கினா எண்ணெய்க்குப் போக இடமே இல்லை. 31 மி.மீ. குழாய்ல 60 கிலோ ஆள் தன் எடையைப் போட்டா உள்ளே 0.78 மெகா பாஸ்கல், கார் டயர்ல இருக்கற அழுத்தத்தைப் போல மூணு நாலு மடங்கு. அது 43 மி.மீ. சீலோட அடிப்பரப்பு முழுக்கச் சமமா 55 கிலோ தள்ளுது. ஸ்க்ரூடிரைவர் கொடுக்கிற 580 கிலோவோட பார்த்தா இது கொசு. ஆனா இது சாய்க்காது, கீறாது, ஒரு பக்கமா இழுக்காது. இதுவும் போதலைன்னா ஒர்க்‌ஷாப் பிரஸ்ல வெச்சு மெதுவா ஏத்தலாம். வாயைச் சுத்திக் கெட்டித் துணி கட்டிடுங்க, கண்ணாடி போட்டுக்குங்க, கீழே ஒரு ட்ரே.

எண்ணெய்க்குப் பதிலா கம்ப்ரஸர் காத்தை விடலாமேன்னு ஒரு புத்திசாலி கேட்பான். கூடவே கூடாது. எண்ணெய் அமுங்காது, அதனால சீல் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்ததும் அழுத்தம் செத்துடும். காத்து அமுங்கிச் சக்தியைச் சேர்த்து வெச்சுக்கும்; சீல் கழன்ற நொடியில அத்தனையும் வெளியே வரும், துப்பாக்கிக் குண்டு மாதிரி. எண்ணெய் முறையில காத்துக் குமிழியை விரட்டச் சொன்னதும் இதுக்குத்தான்.

சீலோட இரும்பு முகத்துல சின்ன ஓட்டை போட்டு, ஸ்க்ரூ முறுக்கி, அதைப் பிடிச்சு இழுக்கற முறையும் உண்டு. வேலை செய்யும். டிரில் பிட் ஒரு இழை கூடப் போனா உள்ளே இருக்கிற வாஷரையோ சுவரையோ தொட்டுடும், இரும்புத் தூள் உள்ளே விழும். கடைசி ஆயுதமா மட்டும் வெச்சுக்குங்க.

இவ்வளவு படிச்ச பிறகு உங்களுக்கு ரோட்டோர மெக்கானிக் மேல கோபம் வரலாம். எனக்கு வரலை. காலையில வண்டியை விட்டுட்டு "அண்ணா, சாயங்காலம் கிளாஸ் முடிஞ்சதும் வந்துடறேன், ரெடியா இருக்கட்டும்" என்று சொல்றது நாம. லேபரைப் பேரம் பேசிக் குறைக்கறது நாம. சர்க்ளிப்புக்கு ஒரு ராத்திரி ஊற விடுறதுக்கும், வெந்நீர் வெக்கறதுக்கும், கட்டை வெச்சு ஒவ்வொரு மில்லிமீட்டரா தூக்கறதுக்கும் யார் காசு கொடுக்கறது? அவருக்குத் தெரியாம இல்லை. ஆலன் போல்ட்டைத் திருகும்போது உள்ளே இருக்கிற குழாயும் சேர்ந்து சுத்தினா, ஸ்பிரிங்கையும் மேல் போல்ட்டையும் திரும்ப மாட்டி, அந்த அழுத்தத்துல பிடிக்க வெச்சு எடுக்கிற வித்தை எந்த சிலபஸ்லயும் இல்லை, அவர் கையில இருக்கு. ஒரு நாள் கூடுதலா வண்டியை விடுங்க, கூடக் கொஞ்சம் லேபர் கொடுங்க, "அவுட்டர் வாயில கீறல் விழாம எடுத்துக் கொடுங்கண்ணா, அவசரமே இல்லை" என்று சொல்லிப் பாருங்க. அதே ஆள் வேற மாதிரி வேலை செய்வார்.

என் கோபம் நம்ம படிப்பு மேலதான். முதல் வருஷ ஒர்க்‌ஷாப்புல ஃபிட்டிங், கார்பென்ட்ரி, வெல்டிங் எல்லாம் செஞ்சோம். இரும்புத் தகட்டை நாள் கணக்கா அரம் போட்டு ஒண்ணோட ஒண்ணு பொருந்த வெச்சோம். மரத்துல டி-ஜாயின்ட். லாப் வெல்ட். கவனிச்சீங்களா, எல்லாமே சேர்க்கிற வேலை. நாலு வருஷத்துல ஒரு தடவையாவது துருப்பிடிச்சுச் சிக்கின எதையாவது உடைக்காமப் பிரிக்கச் சொல்லி யாராவது மார்க் போட்டாங்களா? டேட்டா புக்ல இருக்கிற ஃபிட் எல்லாம் பளபளன்னு இருக்கிற புதுப் பாகத்துக்கு. ஏழெட்டு மழைக்காலம் பார்த்த பாகத்துக்கு அட்டவணை கிடையாது. வேலைக்குப் போற பம்ப் ஹவுஸ்லயும் டெக்ஸ்டைல் மில்லுலயும் நம்ம கையில வந்து சேரப் போறது முக்கால்வாசி இரண்டாவது வகைதான். அங்கே போய் "சார், ஹாமர் எங்கே?" என்று கேட்கப் போறோம்.

"இன்ஜினியர் எதுக்குக் கையை அழுக்காக்கணும், அதுக்குத்தான் டெக்னீஷியன் இருக்காரே" என்று ஒரு குரூப் எப்பவும் சொல்லும். சரி, அழுக்காக்க வேண்டாம். ஆனா சீலை எடுக்க இடம் விடாம ஃபோர்க்கை வரையப் போறதும் அந்த குரூப்தான். ஒரு தடவை மாட்டிக்கிட்டு முழிச்சவன்தான் அடுத்த டிராயிங்ல நெம்பறதுக்கு ஒரு பள்ளம் விடுவான்.

அப்பா ஓட்டின ஆர்எக்ஸ் 100-ஐ ஓட்டிக்கிட்டு வர்றவங்க நம்ம கேம்பஸ்லயும் இருக்கீங்க. 1996-ல உற்பத்தி நின்ன வண்டி. அவுட்டர் வாய் பேர்ந்துட்டா ஷோரூம்ல போய் வாங்கிட முடியாது. பழைய மார்க்கெட்ல அலைஞ்சு, வேற யாரோ ஏற்கனவே நெம்பி வெச்ச ஒண்ணைத்தான் வாங்கணும். உங்களுக்கு இதெல்லாம் கூடுதலாப் பொருந்தும்.

சீல் வந்துடுச்சு. புதுசைப் போடறதுக்கு முன்னாடி க்ரோம் குழாயை நகத்தால மேலிருந்து கீழே தடவுங்க. நகம் எங்கேயாவது தட்டினா அங்கே துருக்குழி இருக்கு. புது உதட்டை அது ஒரு மாசத்துல அறுத்துடும். லேசான குழியை நைஸ் எமரி பேப்பர்ல எண்ணெய் தொட்டுத் தேய்க்கலாம், ஆழமா இருந்தா குழாயை மாத்தறதுதான் வழி. குழாய் முனையில ஒரு பாலித்தீன் கவரைப் போத்தி, அதுமேல எண்ணெய் தடவிச் சீலை இறக்குங்க, முனையோட கூர் உதட்டை வெட்டாது. உதட்டுல ஸ்பிரிங் இருக்கிற பக்கம் எண்ணெயைப் பார்த்து, அதாவது கீழ்நோக்கி இருக்கணும். அவுட்டருக்குள்ள இறக்க, வெளி விட்டம் சரியாப் பொருந்தற பி.வி.சி. பைப் துண்டு போதும். கழட்டின பழைய சீலைப் புதுசு மேல வெச்சு, அதுக்கு மேல பைப்பை வெச்சுத் தட்டினா அடி நேரா புதுசு மேல விழாது. சர்க்ளிப் பள்ளம் முழுசாத் தெரியற வரைக்கும் இறங்கணும். எண்ணெய் அளவு ஒவ்வொரு வண்டிக்கும் வேற. சர்வீஸ் மேனுவல் பார்த்து, அளவு ஜாடியில ஊத்தி, ரெண்டு பக்கமும் மில்லி பிசகாம ஒரே அளவு. கேலிப்பர் டிஸ்க்கை விட்டு வெளியே இருக்கும்போது பிரேக் லீவரைப் பிடிக்காதீங்க, பிஸ்டன் வெளியே வந்துடும்.

இதையெல்லாம் செய்யறதுக்கு முன்னாடி இன்னொண்ணு. லேசாத்தான் கசியுதுன்னா, டஸ்ட் சீலை மேலே தூக்கிட்டு, பழைய போட்டோ ஃபிலிம் துண்டு ஒண்ணைச் சீல் உதட்டுக்கும் குழாய்க்கும் நடுவுல விட்டுச் சுத்தி ஒரு தடவை வழிச்சுப் பாருங்க. மண் துகள் மாட்டிக்கிட்டுத்தான் பாதி சீல் கசியும். துடைச்சுட்டு, நாலு நாள் ஓட்டிப் பாருங்க. கசிவு நின்னுட்டா எதையும் கழட்ட வேண்டியதே இல்லை.

கசிவு நிக்காதவங்களுக்காக ஒரு கோரிக்கையை டிபார்ட்மென்ட்டுக்குக் கொடுக்கலாம்னு இருக்கோம். சனிக்கிழமை மதியம் ஒர்க்‌ஷாப்புல ஒரு மேஜை, அலுமினியத் தாடை போட்ட ஒரு வைஸ், ஒரு ஹீட் கன், நாலஞ்சு அளவு பி.வி.சி. துண்டு, கழிவு எண்ணெயைச் சாக்கடையில கொட்டாம சேர்த்து வெக்க ஒரு கேன். ஃபிட்டர் அண்ணன் ஒருத்தர் கூட நின்னாப் போதும். கையெழுத்துப் போடறவங்க வர்ற வெள்ளிக்கிழமை லன்ச்ல ஒர்க்‌ஷாப் வாசலுக்கு வாங்க. உங்க வண்டி கசியுதோ இல்லையோ, பரவாயில்லை.